நாற்காலி இரண்டு, அக்கா ஒன்று

பதின்மூன்று முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கான கவிதைப் போட்டி ஒன்றில், பிரேக் அக்கா தன் நாற்பத்தேழாவது வயதில் மேடையேறினார். வயதை மறைத்தெல்லாம் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் ‘கலந்துகொள்பவர்’ என்ற கட்டத்தில் அவர் பெயர் கிடையாது. அதற்குக் கீழே ‘மேடைப் பொருட்கள்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் இருந்தார். நாற்காலி இரண்டு, அக்கா ஒன்று. அந்தப் படிவத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டவள் நான்.

நான் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். போட்டியை நடத்தியது எங்கள் நூலகம்தான். எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் அக்காதான். ஆகவே கதையின் இரண்டு முனையும் என் கையில் இருக்கின்றன. நடுவில் நடந்ததைச் சம்பந்தப்பட்டவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டியே சொன்னார்கள்.

அக்கா வேலை செய்யும் டிரைவிங் ஸ்கூல் ஒரு டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறது. படியேறும்போதே ரப்பர் வாடை கூடவே ஏறி வரும். சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சிட்ட பெரிய படம். வெயில் பட்டுப் பட்டு ‘நில்’ பலகை ரோஜா நிறமாகி, நிற்கச் சொல்கிறதா கொஞ்சுகிறதா என்று தெரியாது. கீழே ஒரு சின்ன வெள்ளைக் கார், கூரையில் எல் போர்டு. காரில் பயிற்சியாளர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அந்த இரண்டாவது பிரேக்கின்மேல் பத்தொன்பது வருஷமாக அக்காவின் வலது கால் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பெயர்.

கால் அங்கேயே பழகிவிட்டது. வீட்டில் டிவி பார்க்கும்போது திரையில் கார் வளைந்தால் அக்காவின் கால் தரையை அழுத்தும். சினிமா தியேட்டரில் துரத்தல் காட்சி வந்தபோது முன் சீட்டுக்காரர் மூன்று முறை திரும்பிப் பார்த்துவிட்டு, நாலாவது முறை எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாராம். லிஃப்டில் ஏறினாலும் அழுத்துவார். அவர் அழுத்தியதால்தான் சரியான மாடியில் நின்றது என்று இன்றுவரை நம்புகிறார்.

அவர் இந்த வேலைக்கு வந்ததே ஒரு கூத்து. இருபத்தெட்டு வயதில், மாத்திரை கம்பெனியில் அட்டை அடுக்கும் வேலையில் இருந்தபோது, ஓட்டப் பழகி லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனார். முதல் தடவை கயிற்றுக் கம்பத்தைச் சாய்த்தார். இரண்டாவது தடவை ஹேண்ட்பிரேக்கை எடுக்காமலே முழு தூரமும் ஓட்டிப் புகை கிளப்பினார். மூன்றாவது தடவை அதிகாரி ஏறுவதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். அந்த மனுஷர் நோட்டும் கையுமாக ரோட்டில் நின்றார். நாலாவது தடவை எல்லாவற்றையும் அப்பழுக்கில்லாமல் செய்துவிட்டு, சந்தோஷத்தில் வண்டி நிற்கும் முன்னே கதவைத் திறந்து இறங்கிவிட்டார். ஐந்தாவது தடவை பாஸ்.

ஸ்கூல் முதலாளி அவரைக் கூப்பிட்டு, “இங்கேயே வேலைக்கு வந்துடும்மா. எங்கெங்க தப்பு வரும்னு உனக்குத் தெரியிற மாதிரி வேற யாருக்கும் தெரியாது” என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். அக்கா அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து நின்றார்.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவள்தான் ரேடியோ. பதினெட்டு வயது. வாய் ஓயாது, அதனால் பள்ளியில் வைத்த பெயர். முதல் வகுப்பிலேயே சீட் பெல்ட் போடுவதற்குள் தன் குடும்ப வரலாற்றைப் பாதி சொல்லி முடித்துவிட்டாள். அப்பாவுக்கு ராத்திரி ஷிஃப்ட், பகலில் தூங்குவார், வீட்டில் சத்தம் போடக் கூடாது, அதனால் பேச வேண்டியதையெல்லாம் சேர்த்துவைத்து வெளியேதான் பேசுவாளாம்.

“இங்க பேசிக்கோ. ஆனா கிளட்ச்சை விடும்போது மட்டும் வாயை மூடு” என்றார் அக்கா.

“ஏன்க்கா?”

“ரெண்டையும் ஒரே நேரத்துல விட்டா வண்டி குதிக்கும்.”

அந்தச் சமயத்தில்தான் எங்கள் போட்டி அறிவிப்பு வந்தது. முதல் சுற்றுக்கு, மூன்று நிமிஷத்துக்குள் ஒரு வீடியோ கவிதை அனுப்ப வேண்டும். தேர்வாகும் பத்துப் பேர் இறுதிச் சுற்றில் அதே கவிதையை மேடையில் நேராக நிகழ்த்திக் காட்ட வேண்டும். ரேடியோ ‘கண்ணாடி’ என்று ஒரு கவிதை எழுதியிருந்தாள். வீடியோ எடுப்பதற்கு அவளுக்கு ஒரு தோழி உண்டு. எந்த வீடியோவைக் கொடுத்தாலும் வெட்டி ஒட்டிவிடுவாள், ஆகவே பெயர் கத்திரி. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஜன்னலோரம் ரேடியோவை நிற்க வைத்து, முடி பறக்க வேண்டுமே என்று டேபிள் ஃபேனை முகத்துக்கு நேரே வைத்து எடுத்தார்கள். ஓட்டிப் பார்த்தால் கவிதை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹெலிகாப்டர் இறங்குவதுபோல இருந்தது. முடி மட்டும் அருமையாகப் பறந்தது.

கடைசித் தேதிக்கு மூன்று நாள்தான் இருந்தது. ரேடியோ அன்று வகுப்புக்கு வந்தவள், ஓட்டிக்கொண்டே கவிதையை மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்தாள். வீட்டில் சத்தமாகச் சொல்ல வழியில்லை. அக்காவுக்கு அது கவிதை என்று தெரியாது. வழக்கம்போல இவள் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்துத் தன் வேலையைப் பார்த்தார். காரில் உள்ளே பார்க்கும்படி முதலாளி ஒரு சின்னக் கேமரா பொருத்தியிருந்தார். மாணவர்கள் தங்கள் தப்பைத் தாங்களே பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். அது எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

“பதினெட்டு முடிஞ்சிருச்சு எனக்கு...”

“கண்ணாடியைப் பாரு.”

“கண்ணாடியில நிக்கிறா ஒருத்தி. யாருன்னு தெரியல...”

“பின்னாடி லாரி வருதுடி.”

“அவளுக்குப் பின்னாடி ஊரே வருது. சொல்லிக்கிட்டே வருது. இப்படி உக்காரு, அப்படிச் சிரி...”

“இண்டிகேட்டரைப் போடு.”

“எந்தப் பக்கம் போறேன்னு எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் போகணுமா?”

“ஆமா!”

“ஓரமா ஒதுங்குன்னு சொல்றாங்க...”

“அதைத்தான்டி நானும் சொல்றேன். வழி விடு!”

“விட மாட்டேன்...”

“விடுடி! லாரிடி!”

அடுத்து ஒரு பெரிய ஹாரன். அக்காவின் கால் இறங்கியது. கார் ஓரத்தில் குலுங்கி நின்றது. லாரி காற்றை வாரி அடித்துக்கொண்டு கடந்து போனது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள்.

ரேடியோ மெல்லத் திரும்பினாள். “அக்கா, நீங்க இப்ப என் கவிதைக்குப் பதில் சொன்னீங்க.”

“நான் லாரிக்குப் பதில் சொன்னேன். வண்டியை எடு.”

சாயங்காலம் அந்தப் பதிவைக் கத்திரி பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தவள் தரையில் உட்கார்ந்து முடித்தாள். நடுவில் எப்போது விழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. “ஜன்னலும் வேண்டாம், ஃபேனும் வேண்டாம். இதுதான்டி நம்ம கவிதை” என்றாள்.

மறுநாள் இரண்டு பேரும் படியேறிப் போய் அக்காவிடம் போனை நீட்டினார்கள். அக்கா முதல் தடவை பார்த்துவிட்டு, “இங்க பாரு, கிளட்ச்சை முழுசா அழுத்தல. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்” என்றார். இரண்டாவது தடவை பார்த்துவிட்டு, “என் குரல் இவ்வளவு கட்டையா? வீட்டுல ஒரு மனுஷன் இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே” என்றார். மூன்றாவது தடவை லாரி வந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. அக்கா லேசில் சிரிக்க மாட்டார். சிரித்தால் நிறுத்தத் தெரியாது. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்ததில் டயர் கடைக்காரர் கீழேயிருந்து, “மேலே என்ன உடைக்கிறீங்க?” என்று கேட்டார்.

“அனுப்புங்கடி. ஆனா அந்த கியர் கரகரன்னு கேக்குற இடத்தை மட்டும் வெட்டிடுங்க. ஸ்கூல் மானம் போயிடும்.”

எங்களுக்கு மொத்தம் எண்பத்தாறு வீடியோக்கள் வந்திருந்தன. நானும் எங்கள் போட்டியின் விதிகளுக்குப் பொறுப்பாக இருந்த பி.டி. மாஸ்டரும் நூலகத்தின் பின்னறையில், பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்தோம். நாற்பதில் மழை பெய்தது. இருபத்தைந்தில் மெழுகுவர்த்தி அணைந்தது. மீதியில் முக்கால்வாசிப் பேர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலையோ மொட்டைமாடியையோ பார்த்தார்கள். ஐம்பத்தேழாவது வீடியோ தொடங்கியது. “கண்ணாடியைப் பாரு” என்று ஒரு குரல் கேட்டதுதான் தாமதம், நான் நிமிர்ந்து தலைக்கு மேலே கண்ணாடியைத் தேடினேன். குரல் யாருடையது என்பது அப்புறம்தான் உறைத்தது. “விடுடி! லாரிடி!” வந்தபோது பி.டி. மாஸ்டருக்கு டீ மூக்கில் ஏறியது. இருமி, தும்மி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை போடுங்க” என்றார். நாலு தடவை போட்டோம்.

நடுவர்களும் அதைப் பத்தில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போதுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. விதி நான்கு: வீடியோவில் கேட்கும் குரல்கள் எல்லாம் மேடையில் நேரடியாகக் கேட்க வேண்டும், பதிவு செய்த ஒலி கூடாது. விதி இரண்டு: பத்தொன்பது வயதைத் தாண்டியவர்கள் கலந்துகொள்ளக் கூடாது.

“அக்கா இல்லாம அது கவிதையே இல்ல சார்” என்றேன்.

“அக்கா இருந்தா அது போட்டியே இல்ல” என்றார் பி.டி. மாஸ்டர். “விதின்னா விதிதான். நாளைக்கு ஒருத்தன் தாத்தாவைக் கூட்டிட்டு வருவான்.”

நான் அன்று முழுக்க விதித்தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். விதி ஏழில் கண் நின்றது. ‘நிகழ்த்துவதற்குத் தேவையான மேடைப் பொருட்களைக் கொண்டுவரலாம். அவை இரண்டு பேர் தூக்கக்கூடியவையாக இருக்க வேண்டும்.’ பொருளுக்கு வயது என்ன என்று விதி எங்கும் கேட்கவில்லை.

பி.டி. மாஸ்டர் தாளை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். “சத்தம் வராத பொருள்னு எழுதியிருக்கணும். எழுதல. என் தப்புதான்” என்று ஒத்துக்கொண்டார். “ஆனா ரெண்டு பேர் தூக்கிட்டு வரணும். நடந்து வந்தா பொருள் இல்ல, ஆள். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.”

இதை அக்காவிடம் போய்ச் சொல்ல எனக்குத்தான் உதறல். டிரைவிங் ஸ்கூல் அறையில் நின்று இழுத்து இழுத்துச் சொன்னேன். அக்கா என்னை லைப்ரரி என்றுதான் கூப்பிடுவார்.

“என்னை மேடைப் பொருள்னு எழுதிட்டியா, லைப்ரரி?”

“வேற வழி தெரியலக்கா.”

அக்கா கொஞ்ச நேரம் ரோஜா நிற ‘நில்’ பலகையையே பார்த்தார். நான் திட்டு வாங்கத் தயாரானேன்.

“எழுபத்தி நாலு கிலோ. அதையும் பக்கத்துல எழுதிடு. பின்னாடி பிரச்சினை வரக் கூடாது.”

தூக்கும் பயிற்சி, வண்டி பழகும் மைதானத்தில் நடந்தது. அக்கா நாற்காலியில் உட்கார, ரேடியோ ஒரு பக்கமும் கத்திரி ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். கத்திரி உயரம், ரேடியோ குட்டை. முதல் தடவை அக்கா சறுக்குமரத்தில் இறங்குவதுபோல ரேடியோ பக்கம் வழுக்கினார். இரண்டாவது தடவை மூன்றடி போனதும் கத்திரிக்குச் சிரிப்பு வந்து கை தளர்ந்தது. அந்தரத்தில் இருந்தபோதும் அக்கா சும்மா இருக்கவில்லை. “இடது பக்கம் ஏத்து! நேராப் பாரு, கீழே பாக்காத! திருப்பத்துல வேகம் எதுக்கு?” என்று ஓட்டிக்கொண்டே வந்தார். மைதானத்தில் ரிவர்ஸ் பழகிக்கொண்டிருந்த ஒருவர் அதைப் பார்த்தபடி பின்னால் போய் வேலியில் மெதுவாகச் சாய்ந்தார்.

அக்காவின் கணவர் சாவி செய்பவர். கல்லுளிமங்கன் என்று அக்கா சொல்வார்; ஒரு நாளைக்கு ஒன்பது வார்த்தைக்கு மேல் வராது. பயிற்சியின் போட்டோவை அக்கா காட்டியபோது வாங்கி உற்றுப் பார்த்தார். மறுநாள் காலையில் வீட்டு நாற்காலி ஒன்றைக் காணோம். மத்தியானம் அது திரும்பி வந்தபோது கால்களில் புது ஸ்க்ரூ, பக்கத்துக்கு ஒரு இரும்புக் கைப்பிடி. கத்திரி பக்கம் உயரமாகவும் ரேடியோ பக்கம் தாழ்வாகவும் பொருத்தியிருந்தார். பிடித்துத் தூக்கினால் அக்கா சமமாக வந்தார்.

“அளவு எப்படித் தெரிஞ்சது?” என்று அக்கா கேட்டார்.

“போட்டோவுல பார்த்தேன்” என்றார் அவர். அன்றைய கணக்கில் அதுவே அதிகம்.

இறுதிச் சுற்று ஒரு சனிக்கிழமை மத்தியானம், நூலக அரங்கில். இருநூறு நாற்காலி போட்டிருந்தோம். முந்நூறு பேர் வந்துவிட்டார்கள். பார்த்தால் பாதிப் பேர் அக்காவிடம் பழகியவர்கள். மருந்துக்கடைக்காரர், நர்ஸ், ஆம்புலன்ஸ் டிரைவர், என் பல்லைப் பிடுங்கிய டாக்டர், எல்லாரும் உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைகள்போல ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கணவர் முதல் வரிசையில், கடையை மூடிவிட்டு வந்திருந்தார்.

மேடைக்குப் பின்னால் நிலைமை வேறு. ரேடியோ பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு வார்த்தை வரவில்லை. தண்ணீர் கொடுத்தால் குடித்தாள், பேரைக் கேட்டால் தலையாட்டினாள். கத்திரி பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா மட்டும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“பேசாட்டி பரவாயில்ல. தூக்கத் தெரியும்ல? தூக்கு. அங்க போனதும் மத்ததைப் பாத்துக்கலாம்” என்றார்.

தூக்கினார்கள். திரை ஓரத்திலிருந்து இரண்டு பெண்கள் ஒரு நாற்காலியையும் அதில் நிமிர்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எழுபத்தி நாலு கிலோவையும் தூக்கிவந்தபோது அரங்கில் எழுந்த சத்தத்தை எப்படிச் சொல்வது? கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. அக்கா பாதி வழியில், “இண்டிகேட்டர்” என்று முணுமுணுத்தது மைக்கில் விழுந்துவிட்டது. மறுபடி ஒரு ஆரவாரம்.

கத்திரி ஓரமாக ஒதுங்கினாள். ரேடியோ இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோலக் கைகளை வைத்துக்கொண்டாள். பி.டி. மாஸ்டர் கடிகாரத்தோடும் விசிலோடும் மேடைக்குக் கீழே நின்றார். மூன்று நிமிஷம் ஆனால் ஊதுவார்.

ரேடியோ வாயைத் திறந்தாள். அடைபட்டிருந்த பேச்சு மொத்தமும் மடை திறந்ததுபோலக் கொட்டியது. பதினெட்டு முடிஞ்சிருச்சு கண்ணாடியில நிக்கிறா பின்னாடி ஊரே வருது என்று எல்லா வரியும் ஒரே மூச்சில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடின. அக்கா நுழைய இடமே இல்லை. “கண்ணா...” என்று தொடங்கினார், “பின்னா...” என்றார், எங்கும் முடியவில்லை. முன் வரிசைக்காரர்கள் முகம் மாறியது. பத்து நொடிக்குள் கவிதை தீர்ந்துவிடும்போல இருந்தது.

அப்போது டம் என்று ஒரு சத்தம். அக்காவின் வலது கால் பலகை மேடையில் இறங்கியிருந்தது. யோசித்துச் செய்ததில்லை, அந்தக் கால் யாரைக் கேட்டு என்ன செய்திருக்கிறது? மைக் ஸ்டாண்டு ஆடியது. ரேடியோ முன்பக்கம் ஒரு குலுங்கு குலுங்கி, சட்டென்று நின்றாள். அக்கா காலுக்கு நிற்பது அவள் உடம்பில் ஊறியிருந்தது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஆம்புலன்ஸ் டிரைவரும் குலுங்கியதை நான் திரை ஓரத்திலிருந்து பார்த்தேன்.

“நியூட்ரலுக்குக் கொண்டு வா” என்றார் அக்கா, காரில் பேசுவதுபோலவே. “மூச்சு விடு. விட்டியா? இப்ப ஃபர்ஸ்ட் கியர். மெதுவா எடு.”

ரேடியோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்து, மூச்சு விட்டு, முதலிலிருந்து தொடங்கினாள்.

அதற்கப்புறம் வெளுத்து வாங்கினார்கள். ஒவ்வொரு வரிக்கும் அக்காவின் பதில் சரியான இடத்தில் வந்து விழுந்தது. “எந்தப் பக்கம் போறேன்னு எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் போகணுமா?” என்று ரேடியோ கேட்டபோது அக்கா பதில் சொல்வதற்குள் அவரிடம் பழகிய நூற்றைம்பது பேர் சேர்ந்து, “ஆமா!” என்று கத்தினார்கள். பி.டி. மாஸ்டர் விசிலை வாயில் வைத்தபடி சிரித்ததில் விசில் தானாகவே கீச்சென்று ஊதிவிட்டது. “இது கணக்கில்ல, கணக்கில்ல!” என்று இரண்டு கையையும் ஆட்டினார். நேரம் அப்போது இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

கடைசிக் கட்டம் வந்தது.

“ஓரமா ஒதுங்குன்னு சொல்றாங்க...”

“அதைத்தான்டி நானும் சொல்றேன். வழி விடு!”

“விட மாட்டேன்...”

எல்லாரும் லாரிக்காகக் காத்திருந்தோம். தேர்வான வீடியோக்களை முன்பே இணையத்தில் போட்டிருந்தோம், இந்த வீடியோவைப் பார்க்காதவர் அரங்கில் யாருமில்லை. சிலர் உதட்டில் அந்த வரி தயாராக இருந்தது. அக்கா வாயைத் திறந்தார், மூடினார், ரேடியோவை ஒரு பார்வை பார்த்தார்.

“சரி. விடாத. போ.”

பத்தொன்பது வருஷத்தில் அந்த மனுஷி வாயிலிருந்து ‘விடாத’ என்ற வார்த்தையை நாங்கள் யாரும் கேட்டதில்லை. ரேடியோ கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டாள். அவளுக்கு அதற்கு மேல் ஒத்திகை கிடையாது. வீடியோ அந்த இடத்தில் லாரியோடு முடிந்துவிடும். ஆனால் கவிதைக்கு மூன்று வரி மிச்சம் இருந்தது. அன்றைக்கு லாரி வந்து அறுத்துவிட்ட வரிகள். எழுந்து நின்று அதைச் சொன்னாள்.

“கண்ணாடியில நிக்கிறவளே,
கொஞ்சம் நகர்ந்துக்கோ.
உனக்கு முன்னாடி நான் போகணும்.”

பி.டி. மாஸ்டர் இப்போது விசிலை ஊதினார். யாருக்கும் கேட்கவில்லை.

முதல் பரிசு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், யார் திறந்தாலும் விளக்குப் போட்டு வரவேற்கும் தன் வீட்டு ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொன்ன கவிதைக்குப் போனது. இவர்களுக்கு இரண்டாம் பரிசு. ரேடியோ கொஞ்சம் முகம் சுளித்தாள். அக்கா விடவில்லை. “அந்தப் பையன் ஒரு தடவைகூடத் திணறல. ஸ்மூத்தா எடுத்தான், ஸ்மூத்தா நிறுத்தினான். நியாயம்தான்” என்றார்.

ரேடியோவுக்கும் கத்திரிக்கும் சான்றிதழ் கொடுத்தோம். கூட்டம், “அக்காவுக்கு? அக்காவுக்கு?” என்று கத்தியது. பி.டி. மாஸ்டர் மைக்கைப் பிடித்தார்.

“பொருளுக்குச் சான்றிதழ் கொடுக்க விதியில இடமில்ல” என்றார். கூட்டம் கூச்சல் போட்டது. அவர் கையைத் தூக்கினார். “ஆனா, மேடைப் பொருட்களைத் திருப்பி ஒப்படைக்கும்போது ரசீது கொடுக்கணும்னு விதி இருக்கு.”

அங்கேயே எழுதினார், சத்தமாகப் படித்தபடி. “நாற்காலி இரண்டு. அக்கா ஒன்று. சேதம் எதுவும் இல்லாமல் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது.” உரியவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். முதல் வரிசையிலிருந்து சாவிக்காரர் எழுந்தார். மெதுவாக மேடையேறி, மனைவியைச் சுற்றி ஒரு முறை நடந்து, நாற்காலி வாங்க வந்தவர்போலப் பார்வையிட்டார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மைக்கில் குனிந்தார்.

“சேதம் முன்னாடியே இருந்தது. பரவாயில்ல, எடுத்துக்கிறேன்.”

அக்கா கைப்பையால் அவரை அடித்தார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு வார்த்தை பேசி நான் கேட்டது அன்றுதான்.

சாயங்காலம் நாலரை மணி வெயிலில் எல் போர்டு காரில் கிளம்பினார்கள். ரேடியோ ஓட்ட, அக்கா பக்கத்தில், பின்சீட்டில் சாவிக்காரரும் கத்திரியும், அவர்களுக்கு நடுவில் கைப்பிடி வைத்த நாற்காலி. இரண்டு தெரு போவதற்குள் சாவிக்காரர் பின்னாலிருந்து, “எடுத்துக்கிறேன்” என்று தன்னைத்தானே பாராட்டிக்கொள்வதுபோல மறுபடி சொன்னார். கத்திரி வெடித்தாள். அவளைப் பார்த்து ரேடியோ, ரேடியோவைப் பார்த்து அக்கா. ஓட்ட முடியவில்லை. அக்கா வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். நாலு பேரும் இறங்கி, கார்மேல் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். “என்னம்மா, வண்டி நின்னுடுச்சா?”

“வண்டி நின்னுடுச்சு சார்” என்றார் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. “சிரிப்புதான் நிக்க மாட்டேங்குது.”

ரேடியோ டெஸ்டில் முதல் தடவை தோற்றாள். அதிகாரியிடம் அவர் குடும்பத்தைப் பற்றி விசாரித்ததில் சிக்னலைக் கவனிக்கவில்லை. இரண்டாவது தடவை பாஸ். கத்திரி இப்போது பல் டாக்டருக்கு விளம்பர வீடியோ செய்து கொடுக்கிறாள்.

இந்த வருஷப் போட்டிக்கு நூற்று நாற்பது வீடியோ வந்திருக்கின்றன. மழை வெகுவாகக் குறைந்துவிட்டது. முப்பதுக்கும் மேற்பட்டவற்றில் பின்னால் யாராவது ஒரு பெரியவர் கத்துகிறார். நீச்சல் மாஸ்டர் ஒருவர், மூக்குக்கண்ணாடிக் கடையில் எழுத்தைப் படிக்கச் சொல்கிற ஒரு அம்மா, குழாய் ரிப்பேர் செய்ய வந்து கவிதைக்கு நடுவில் ‘தண்ணியைத் திற’ என்கிற ஒருவர். மேடைப் பொருட்கள் உயிரற்றவையாக இருக்க வேண்டும் என்று விதியைத் திருத்தப் பி.டி. மாஸ்டர் துடிக்கிறார். நான் சம்மதிக்கவில்லை. எங்கள் குழுவில் இருப்பது இரண்டே ஓட்டு, ஆகவே விஷயம் அப்படியே நிற்கிறது.

நேற்று அக்காவைப் பார்க்கப் போனேன், இந்தத் தடவை நடுவராக வரச் சொல்லி. அவர் வகுப்பு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“கவிதையைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? அதுவும் சனிக்கிழமை. மூணு பேருக்கு ரிவர்ஸ் கிளாஸ் இருக்கு. ஆளை விடு, லைப்ரரி.”

வற்புறுத்திப் பயனில்லை என்று தெரியும். வந்துவிட்டேன். பாதிப் படி இறங்கியிருப்பேன், மேலேயிருந்து குரல் வந்தது.

“ஏய், எத்தனை மணிக்குன்னு சொல்லாமலே போறியே!”